சொல்லும் பொருளும்: ‘விருப்பம்’ என்றால் யாருடைய விருப்பம்?



இப்பகுதிக்கு வரும் மடல்களில் பெரும்பாலானவை, இங்கே ஒற்று மிகுமா மிகாதா என்றோ, ‘அருகில்’ என்பது சரியா ‘அருகாமையில்’ என்பது சரியா என்றோ வினவுபவை. அவற்றுக்கு விடை எழுதுவது எளிது. இம்மாதம் வந்துள்ள மடல் ஒன்று அத்தகையதன்று. சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடையேயுள்ள ஒரு சிற்றூரிலிருந்து, பட்டாசு ஆலையில் வேலை செய்யும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஊரையும் பெயரையும் வெளியிட வேண்டா என்று கேட்டுக்கொண்டுள்ளார். அவ்வாறே செய்கிறோம்.

நடந்தது இது. அவருடைய மகளுக்குச் சென்ற ஆண்டு புதுநன்மை. ஒரு மாதத்திற்கு முன்பே ஆலய வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஒப்புரவு அருட்சாதனத்திற்கு வரவேண்டிய நாள், பெற்றோர் கூட்டம், ஒத்திகை நேரம் ஆகியவற்றுக்குப் பின் இறுதி வரியாக, “வெண்ணிற ஆடை, மலர்முடி, அலங்கரித்த மெழுகுதிரி ஆகியன விருப்பத்திற்குரியவை” என்று எழுதப்பட்டிருந்தது. அதைப் பங்குச் சாமியாரின் விருப்பம் என்று அந்தத் தாய் பொருள் கொண்டார். சாமியார் விரும்புவதைச் செய்யாதிருப்பது முறையாகுமா? காதில் கிடந்த கம்மலை அடகு வைத்து, மதுரைக்குப் போய் ஆடையும் முடியும் வாங்கி வந்தார். விழாவன்று பார்த்தால் நான்கைந்து பிள்ளைகள் பள்ளிச் சீருடையைத் துவைத்து உடுத்தி வந்து, குறையேதுமின்றி நற்கருணை வாங்கிச் சென்றனர். உபதேசியாரிடம் கேட்டதற்கு, “விருப்பம் என்றுதானே அம்மா எழுதியிருந்தோம், கட்டாயம் என்று யார் சொன்னது?” என்று விடை வந்தது.

“நான் படித்தது தவறா, அவர்கள் எழுதியது தவறா? ஒரு சொல்லுக்காக எட்டு மாதம் வட்டி கட்டினேன்” என்று எழுதுகிறார் அவர். அத்தோடு நிறுத்தவில்லை. “இன்னொன்றும் கேட்கிறேன். நான் வேலை செய்யும் இடத்தில் ‘பருத்தி ஆடை அணிந்து வரவும்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதை நாங்கள் எல்லாரும் விருப்பம் என்றே எண்ணிக்கொள்கிறோம். போர்மேனும் ஒன்றும் சொல்வதில்லை. அது விருப்பமா, கட்டாயமா?”

இம்மடலை இருமுறை படித்தோம். ஒரே மனிதர், ஒரே ஆண்டில், செய்யாமல் விடக்கூடிய ஒன்றைக் கட்டாயம் என்று கருதிக் கடன்பட்டிருக்கிறார். விடவே கூடாத ஒன்றை விருப்பம் என்று கருதி உயிரைப் பணயம் வைத்திருக்கிறார். இரண்டிற்கும் அவர் காரணரல்லர். எழுதியவர்களின் சொல் தெளிவாக இல்லை என்பதே காரணம். ஆகவே இம்மாதம் ‘விருப்பம்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

சொல்லின் பிறப்பு

குழம்பு என்னும் வினையிலிருந்து குழப்பம் பிறக்கிறது. திரும்பு என்பதிலிருந்து திருப்பம். அதுபோலவே விரும்பு என்னும் வினையிலிருந்து விருப்பம் பிறக்கிறது. ஆசை, நாட்டம், மனம் ஒன்றின்பால் செல்லுதல் என்பனவே இதன் இயல்பான பொருள். செய்யலாம் அல்லது விடலாம் என்னும் பொருள் இச்சொல்லுக்குப் பிறவியிலேயே அமைந்ததன்று. பள்ளிகளும் அலுவலகங்களும் அயல்மொழி விதிகளைத் தமிழில் எழுதத் தொடங்கியபோது, தெரிந்தெடுத்துக்கொள்ளும் உரிமையைக் குறிக்க ஒரு சொல் தேவைப்பட்டது. அருகில் கிடந்த ‘விருப்பம்’ அவ்வேலைக்கு அமர்த்தப்பட்டது. பழைய பொருள் போகவில்லை. புதிய பொருளும் அதனோடு குடிவந்தது. ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் இருந்தால், கதவைத் தட்டுபவர் யாரைத் தேடி வந்தார் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

விரும்புதல் என்பது ஒருவர் செய்யும் செயல். விரும்புகிறவர் ஒருவர் இல்லாமல் விருப்பம் இல்லை. ஆகவே இச்சொல்லைக் காணும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய முதல் வினா, ‘யாருடைய விருப்பம்?’ என்பதே. நாட்டில் வழங்கும் தொடர்கள் சிலவற்றை இவ்வினாவால் உரசிப் பாருங்கள்.

வானொலியில் ‘நேயர் விருப்பம்’ கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். அங்கே விரும்புகிறவர் நேயர். அஞ்சலட்டையில் தம் பெயரையும் ஊரையும் எழுதிப் பாட்டுக் கேட்டவர். ஐயமில்லை. தேர்தல் காலத்தில் கட்சி அலுவலகங்களில் கொடுக்கப்படும் ‘விருப்ப மனு’வில் விரும்புகிறவர் வேட்பாளராக நிற்க ஆசைப்படுகிறவர்; தெரிந்தெடுக்கிறவரோ கட்சித் தலைமை. ‘விருப்புரிமை நிதி’ என்பது பதவியில் இருப்பவர் தம் முடிவின்படி வழங்கும் நிதி. ‘விருப்பப் பாடம்’ மாணவனுடைய விருப்பம் என்று சொல்லிக்கொள்கிறோம். சிற்றூர்ப் பள்ளியில் ஒரே ஒரு பாடப்பிரிவுதான் உண்டு என்றால், அங்கே விருப்பம் என்பது பெயரளவில்தான். ‘விருப்ப ஓய்வு’ ஊழியருடைய விருப்பம். ஆனால் ஆலையை மூடப்போகிறோம், இப்போதே கையெழுத்திட்டால் இவ்வளவு தொகை, இல்லையேல் அதுவும் இல்லை என்று சொல்லிப் பெறப்படும் ஓய்வில் விரும்பியவர் யார் என்பதைக் கையெழுத்திட்டவரின் மனைவியிடம் கேட்டால் சொல்லுவார்.

இவற்றிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ‘வேண்டா’ என்று சொன்னால் இழப்பு ஏதும் வராது என்னும் நிலை இருந்தால்தான் அது மெய்யான விருப்பம். மறுக்கும் வாயில் அடைக்கப்பட்ட பின் எஞ்சுவது விருப்பம் என்னும் பெயர் மட்டுமே.

தக்கதும் உரியதும்

இனி அந்த அறிவிப்புக்கு வருவோம். ‘விரும்பத்தக்கது’ என்பது வேறு, ‘விருப்பத்திற்குரியது’ என்பது வேறு. வேலைவாய்ப்பு விளம்பரங்களில் முதலில் இன்றியமையாத் தகுதியைச் சொல்லி, அடுத்து ‘விரும்பத்தக்க தகுதி’ என்று ஒன்றைச் சொல்வார்கள். அது இருந்தால் நல்லது, இருப்பவருக்கு முன்னுரிமை உண்டு என்பது கருத்து. அங்கே விரும்புகிறவர் வேலை கொடுப்பவர். ‘விருப்பத்திற்குரியது’ என்று அறிவிப்பு எழுதுபவர்களோ, அவரவர் விருப்பத்திற்கு விடப்பட்டது என்னும் கருத்தில் எழுதுகிறார்கள். ஆயின் ‘உரியது’ என்பதற்கு ‘அவரவர்’ என்னும் சொல் முன்னே வராவிட்டால், அறிவிப்பைக் கொடுத்தவரின் விருப்பத்திற்கு உரியது என்று படிப்பதைத் தடுக்க எதுவும் இல்லை. ‘என் விருப்பத்திற்குரிய ஆசிரியர்’ என்று எழுதும் மாணவன் தான் நேசிக்கும் ஆசிரியரைத்தான் சொல்கிறான். வைத்துக்கொள்ளவும் விடவும் கூடிய ஆசிரியரை அன்று.

ஆகவே அன்புத் தாயே, நீங்கள் படித்தது தவறன்று. தமிழில் அச்சொற்கள் தரும் பொருளைத்தான் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். எழுதியவர் தம் மனத்திலிருந்ததைத் தாளில் எழுதவில்லை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அறிவிப்பு யாரிடமிருந்து வருகிறதோ, அவருக்கும் படிப்பவருக்கும் உள்ள உயரமும் சொல்லின் பொருளை மாற்றிவிடும். ஊரில் கடை வைத்திருப்பவர் ‘விருப்பம்’ என்பதைப் படித்துவிட்டு, ‘சரி, நம் வசதிபோல்’ என்று போய்விடுவார். கூலிக்கு வேலை செய்பவரோ, பெரியவர்கள் ஒன்றை எழுதியிருக்கிறார்கள் என்றால் அது செய்வதற்காகத்தான் என்று எண்ணுவார். அதே வரி ஒருவருக்கு விடுதலை, மற்றவருக்குக் கடன்.

பேச்சுத் தமிழின் நுட்பம்

நம் வீடுகளில் வழங்கும் பேச்சு இன்னும் நுட்பமானது. மகன் ஒன்றை அடம்பிடித்துக் கேட்கிறான். தாய், “உன் இஷ்டம்!” என்கிறாள். இதை அனுமதி என்று எண்ணிக் கிளம்புகிற பிள்ளை உண்டா? அது தடையுத்தரவு என்பது மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். அதற்கு நேர்மாறாக, திருமண அழைப்போடு வருகிற உறவினர், “கட்டாயம் வந்துவிட வேண்டும்” என்கிறார். நாமும் “கட்டாயம் வருகிறோம்” என்கிறோம். அங்கே கட்டாயப்படுத்துதல் எதுவும் இல்லை. அன்பின் மிகுதிதான் அந்தச் சொல். ஆக, பேச்சில் ‘இஷ்டம்’ சில வேளை விலங்காகிறது. ‘கட்டாயம்’ சில வேளை மாலையாகிறது. முகமும் குரலும் கூட இருப்பதால் பேச்சில் பிழை நேர்வதில்லை. சுவரில் ஒட்டிய தாளுக்கு முகமும் இல்லை, குரலும் இல்லை.

‘வேண்டும்’ என்பதைப் பாருங்கள். ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்றால் ஆசை அல்லது தேவை. ‘நீ வர வேண்டும்’ என்றால் கடமை. ‘வேண்டுதல்’ என்றால் மன்றாட்டு. விருப்பமும் கடமையும் ஒரே வேரில் நிற்கின்றன. ‘லாம்’ என்னும் ஈற்றைப் பாருங்கள். செய்யல் + ஆம் என்பதே ‘செய்யலாம்’ ஆயிற்று. ‘போகலாம்’ என்று ஒருவர் சொன்னால், உனக்கு அனுமதி உண்டு என்றும் பொருள், ஒருவேளை போகக்கூடும் என்றும் பொருள், வா சேர்ந்து போவோம் என்றும் பொருள். ஆகவே ‘வெண்ணிற ஆடை அணியலாம்’ என்று மட்டும் எழுதியிருந்தாலும், எல்லாரும் சேர்ந்து அணிவோம் என்று ஒருவர் எண்ண இடமிருந்திருக்கும்.

பள்ளிப் பிள்ளைகள் இதில் நம்மைவிடத் தெளிவானவர்கள். வினாத்தாளில் ‘எவையேனும் ஐந்து வினாக்களுக்கு விடையளி’ என்றிருந்தால், தெரியாததை ‘சாய்ஸில் விட்டுவிட்டேன்’ என்று சொல்லி வருவார்கள். ஏன் தெளிவு? எத்தனை எழுத வேண்டும் என்பதும், விட்டால் மதிப்பெண் குறையாது என்பதும் அந்த வரியிலேயே அடங்கியிருப்பதால். அவற்றுள் ஒன்று கட்டாய வினா என்றால் அதன் எண்ணையும் அங்கேயே குறித்துவிடுகிறார்கள். நம் அறிவிப்புகளுக்கு வினாத்தாள் நல்ல ஆசிரியர்.

வழிபாட்டு நாள்காட்டியில்

‘விருப்பம்’ என்னும் சொல் செம்மையாக வழங்குகிற ஓர் இடம் நம் வீட்டுச் சுவரிலேயே தொங்குகிறது. திருவழிபாட்டு நாள்காட்டியைப் பாருங்கள். பெருவிழா, விழா, நினைவு, விருப்ப நினைவு என்று நாள்கள் வகுக்கப்பட்டுள்ளன. 1969-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒப்புதல் அளித்து, 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சீரமைப்பின்படி அமைந்த வகுப்பு இது. இலத்தீனில் இதற்கு வழங்கும் தொடர், ‘விரும்பியவாறு’ என்று பொருள்படும்.

யாருடைய விருப்பம்? திருப்பலி நிறைவேற்றும் குருவினுடையது. அந்நாளில் அப்புனிதரின் நினைவைக் கொண்டாடலாம். கொண்டாடாது அன்றைய நாளின் திருப்பலியையே நிறைவேற்றினும் குறையில்லை. அத்தோடு முடிந்துவிடவில்லை. இத்தகைய தெரிவுகளைச் செய்யும்போது குரு தம் சொந்த நாட்டத்தை விட இறைமக்களின் ஆன்மிக நன்மையையே கருத வேண்டும் என்று திருப்பலி நூலின் பொது விதிமுறைகள் கூறுகின்றன. விருப்பம் அவர் கையில்; அளவுகோல் மக்களின் நன்மை. இதைவிட நல்ல விளக்கம் இச்சொல்லுக்குக் கிடைப்பதரிது.

‘விருப்ப நினைவு’ என்பதைத் தாழ்ந்த நினைவு என்று சிலர் எண்ணுகின்றனர். பிப்ரவரி 11-ஆம் நாள் தூய லூர்து அன்னையின் நாள். பொது நாள்காட்டியில் அது விருப்ப நினைவே. ஜூலை 16-ஆம் நாள் கார்மேல் அன்னையின் நாளும் அப்படியே. இதைச் சொன்னால் நம் தாய்மார்கள் வியப்படைவார்கள். ஆனால் லூர்து அன்னையின் பெயரால் அமைந்த ஆலயத்தில் அதே நாள் பெருவிழா. உலகத் திருச்சபைக்கு உரிமையாக விடப்பட்டது, அந்த ஊருக்குக் கடமையும் மகிழ்ச்சியும் ஆகிறது. விருப்பம், கட்டாயம் என்பன பொருள்களின்மேல் ஒட்டியிருக்கும் நிறங்கள் அல்ல. யாருக்கு, எங்கே என்பதைப் பொறுத்தவை.

நேர்ச்சையும் காணிக்கையும்

காணிக்கைகளிலும் இவ்வேறுபாடு பழைமையானது. லேவியர் நூலின் 22-ஆம் அதிகாரம் நேர்ச்சையாகச் செலுத்தும் பலியையும், தன்னார்வமாகச் செலுத்தும் பலியையும் பிரித்துக் கூறுகிறது. உறுப்பு வளர்ச்சியில் குறையுள்ள ஆட்டையோ மாட்டையோ தன்னார்வக் காணிக்கையாகக் கொடுக்கலாம். நேர்ச்சைக்கு அது ஏற்றுக்கொள்ளப்படாது. ஏன்? மனமுவந்து கொடுப்பவனிடம் இருப்பதே போதும். வாக்குக் கொடுத்தவனோ அந்த வாக்கின் அளவுக்குக் கொடுத்தாக வேண்டும். நேர்ந்துகொள்ளாமல் இருப்பது பாவமன்று, நேர்ந்துகொண்டபின் தவறுவதே குற்றம் என்று இணைச்சட்ட நூலின் 23-ஆம் அதிகாரமும் அறிவுறுத்துகிறது. விருப்பமாகத் தொடங்கியது நம் வாய்ச்சொல்லால் கடமையாகும் என்பது இதன் பாடம்.

இதை நம் பங்குகளின் நடைமுறையோடு ஒப்பிடுக. ‘விருப்பக் காணிக்கை’ என்று அறிவித்துவிட்டு, கொடுத்தவர் பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசித்தால், கொடாதவர் பெயரும் அதே ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டது போலத்தான். மறுக்கும் வாயில் அங்கே அடைபடுகிறது. அருட்சாதனங்களுக்கு வரையறுக்கப்பட்ட காணிக்கைக்கு மேல் எதையும் கேட்கக் கூடாது, வறுமையின் பொருட்டு ஏழைகள் அவற்றை இழந்துவிடாதபடி கவனிக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (848) தெளிவுறக் கூறுகிறது. பிலமோனுக்கு எழுதிய மடலில் திருத்தூதர் பவுல், ஆணையிடும் உரிமை தமக்கு இருந்தும், அவர் செய்யும் நன்மை கட்டாயத்தால் ஆகாமல் மனமுவந்ததாய் இருக்க வேண்டும் என்றே விழைந்தார். மறுக்க இடம் விட்டே அவர் கேட்டார்.

பலகையில் எழுதிய விதி

இனி மடலின் இரண்டாம் பகுதி. ‘பருத்தி ஆடை அணிந்து வரவும்’ என்ற பலகை விருப்பமா, கட்டாயமா?

கட்டாயம். ஐயத்திற்கு இடமே இல்லை. நைலான், பாலியஸ்டர் போன்ற செயற்கை இழைத் துணிகள் உடலில் உராயும்போது நிலைமின்சாரம் உண்டாகித் தேங்குகிறது. நாம் அதை உணர்வதுகூட இல்லை. ஆனால் மருந்துக் கலவை இருக்கும் அறையில், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொறி ஒன்றே போதும். பருத்தித் துணியில் அவ்வாறு எளிதில் தேங்குவதில்லை. ஆகவேதான் நூல் சேலை. அதுபோன்றே, ஓர் அறைக்குள் உரிமத்தில் கண்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள் இருக்கக் கூடாது. கண்ட அளவுக்கு மேல் மருந்து இருக்கக் கூடாது. அறையை விட்டு மரத்தடியில் வைத்து வேலை செய்யக் கூடாது. 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின்கீழ் 2008-இல் வகுக்கப்பட்ட விதிகளும், ஆலைகளுக்கு வழங்கப்படும் உரிமங்களும் இத்தகையவற்றை ஆலோசனையாகச் சொல்லவில்லை, ஆணையாகவே சொல்கின்றன.

பின் ஏன் அவை விருப்பம் போலத் தோன்றுகின்றன? சொல்லிலும் ஒரு காரணம் உண்டு. ‘வரவும்’, ‘விடவும்’, ‘தவிர்க்கவும்’ என்னும் வடிவங்கள் மரியாதையான வேண்டுகோள் வடிவங்கள். ‘காலணிகளை வெளியே விடவும்’ என்று படித்துப் பழகிய கண், ‘பருத்தி ஆடை அணிந்து வரவும்’ என்பதையும் அதே இனத்தில் சேர்த்துவிடுகிறது. ‘கூட்டமாக வேலை செய்வதைத் தவிர்க்கவும்’ என்று எழுதினால், இயன்றபோது தவிர்த்தால் போதும் என்றாகிறது. ‘முடிந்தவரை’, ‘கூடியமட்டும்’ என்னும் சொற்கள் ஓர் ஆணையின் முன் வந்து நின்றால் ஆணை அங்கேயே இறந்துபோகிறது. உயிர்போகும் இடத்தில் மரியாதைச் சொல் மரியாதை ஆகாது. ‘பருத்தி ஆடை இன்றி உள்ளே வரக் கூடாது’ என்பதே அங்கே எழுத வேண்டிய தமிழ்.

சொல்லுக்கு அப்பாலும் காரணங்கள் உண்டு. தீபாவளி நெருங்க நெருங்க வேலை மிகும். செய்த எண்ணிக்கைக்குக் கூலி என்றிருக்கும்போது கை விரைகிறது. விரையும் கைக்கு ஒவ்வொரு விதியும் ஒரு தடையாகத் தோன்றுகிறது. மேற்பார்ப்பவர் ஒன்றும் சொல்லாதபோது, அவருடைய மௌனமே ‘விருப்பம்’ என்று விதிக்குப் பெயர் சூட்டிவிடுகிறது. அந்த விருப்பமும் தொழிலாளியுடையதன்று. நூல் சேலை வாங்கக் கையில் பணமில்லாதவர் பாலியஸ்டர் சேலையை விரும்பித் தெரிந்தெடுத்தார் என்று யார் சொல்ல முடியும்?

2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். அவ்விபத்துகளுக்கு யார் பொறுப்பு என்று தீர்ப்பிடுவது இப்பகுதியின் வேலையன்று. ஆனால் நம் வட்டாரத்தில் விதி எனப்படும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு வீட்டின் அழுகை இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால், எந்த விதியையும் ‘சாய்ஸில் விட’ மனம் வராது.

கட்டாயம் யார்மேல்?

‘கட்டாயம்’ என்னும் சொல்லுக்கும் அதே வினாவைப் போடலாம். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது நெருக்கமான செய்தி. விருதுநகரில் பிறந்த காமராசர் சிறுவயதிலேயே பள்ளிப்படிப்பை நிறுத்த நேர்ந்தவர். 1954-இல் முதலமைச்சரானபின் ஊர்தோறும் பள்ளிகள் திறந்து, 1956-இல் மதிய உணவும் அளித்தார். பசித்த பிள்ளைக்குப் படிப்பு விருப்பமாக இருக்க இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார். பிற்காலத்திலும் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் நம் பிள்ளைகள் பலர் கைகொடுத்தனர். ‘படிக்க அவனுக்கு விருப்பமில்லை’ என்று அன்று சொல்லப்பட்டது. விருப்பமில்லாதிருந்தது பிள்ளைக்கா, வீட்டின் வறுமைக்கா, குறைந்த கூலியை நாடிய தொழிலுக்கா? 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 1996 டிசம்பர் 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் வந்தபின்பே அந்தப் பொய்யான ‘விருப்பம்’ மெல்ல மெல்ல அகன்றது.

2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்: இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். கட்டாயம், உரிமை ஆகிய இரண்டு சொற்களும் ஒரே பெயரில் இருக்கின்றன. முரணல்லவா என்று சிலர் கேட்பர். முரணில்லை. அச்சட்டத்தில் ‘கட்டாயக் கல்வி’ என்பதற்குக் கல்வி அளிக்கவும், பிள்ளை பள்ளியில் சேர்ந்து, வந்து, முடிப்பதை உறுதிசெய்யவும் அரசுக்குள்ள கடப்பாடு என்றே விளக்கம் தரப்பட்டுள்ளது. கட்டாயம் அரசின்மேல், உரிமை பிள்ளைக்கு. வலியவர்மேல் கட்டாயம் வைக்கப்பட்டதால் எளியவருக்கு விருப்பம் என்பதே பிறந்தது. பத்தாம் வகுப்பு வரை வந்தவள்தான் ‘எனக்கு இந்தப் பாடம் வேண்டும்’ என்று விருப்பப் பாடத்தைப் பற்றிப் பேச முடியும்.

அறிவிப்பு எழுதுவோருக்கு

பங்குப் பேரவையிலோ, பள்ளியிலோ, சங்கத்திலோ, ஆலையிலோ அறிவிப்பு எழுதுகிற அன்பர்களுக்கு மூன்று சொல்லுவோம்.

ஒன்று, ‘விருப்பம்’ என்று தனியே எழுதாதீர்கள். விரும்புகிறவர் யார் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். ‘விரும்பும் பெற்றோர்’ என்று எழுதினாலே பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டு, செய்யலாம் என்பதோடு செய்யாவிட்டால் என்ன என்பதையும் சொல்லுங்கள். ‘விரும்புவோர் வெண்ணிற ஆடை அணிவிக்கலாம், தூய்மையான எந்த ஆடையும் போதும், புதிது வாங்கத் தேவையில்லை.’ பதினோரு சொற்கள்தாம். ஒரு கம்மல் அடகுக்குப் போகாமல் காதிலேயே இருந்திருக்கும்.

மூன்று, கட்டாயமானதைக் கட்டாயம் என்றே எழுதுங்கள். ‘வேண்டும்’, ‘கூடாது’ என்பவை கடுமையான சொற்கள்தாம். ஆபத்து அவற்றைவிடக் கடுமையானது. எழுதியபின் அதற்கு வேண்டிய வசதியையும் செய்து கொடுங்கள். நூல் சேலையைக் கட்டாயமாக்குகிறவர் அதற்கான வழியையும் காட்டினால்தான் அச்சொல்லுக்கு மதிப்பு.

மடல் எழுதிய தாய்க்கு ஒரு சொல். கம்மலை மீட்டுவிட்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. மகளின் வெண்ணிற ஆடையை அடுத்த ஆண்டு புதுநன்மைக்கு வரும் வேறொரு பிள்ளைக்குக் கொடுக்க எண்ணியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை உங்களிடம் யாரும் கேட்கவில்லை. கொடுக்காவிட்டாலும் குறை சொல்வார் இல்லை. ‘விருப்பம்’ என்னும் சொல்லுக்கு நாம் இத்தனை பக்கம் எழுதிய பொருளை நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள்.

நாளை வேலைக்குப் போகும்போது நூல் சேலை உடுத்திச் செல்லுங்கள். உடன் வரும் பெண்களிடமும் சொல்லுங்கள். அது விருப்பமன்று.

வாசகர்கள் தத்தம் ஊரில் கண்ட, இருபொருள் தந்து இடர்ப்படுத்திய அறிவிப்பு வரிகள் இருப்பின், ஊர்ப் பெயர் நீக்கி எழுதி அனுப்பலாம். அனுப்பாவிடினும் குறையில்லை!